எடைக்குப் போட்ட புத்தகங்கள்



2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் ஊர்க் கடைத்தெருவிலிருந்த பழைய பேப்பர் கடைக்குப் பதினொன்றரைக் கிலோ புத்தகங்களைச் சாக்கில் கட்டிச் சுமந்து சென்று எடைக்குப் போட்டேன். கிலோ நான்கு ரூபாய் வீதம் 46 ரூபாய் கிடைத்தது. அந்தப் பணத்தில் என்ன வாங்கினேன் என்பது நினைவில்லை. எந்தெந்த நூல்களை விற்றேன் என்பது மட்டும் ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது.

நான் ஆலிம் அல்லன். ஆங்கில இலக்கியம் படித்த கலைப் பட்டதாரி. நாகைக் கடற்கரையோரம் ஒரு மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தமிழும் சிறிது வரலாறும் கற்பித்து வருகிறேன். அன்று வேலையில் சேர்ந்து ஓராண்டு கூட ஆகவில்லை. இருபத்து நான்கு வயது. அவ்வயதிற்குரிய கோபம்.

கோபத்திற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாள் அமெரிக்கப் படை இராக்கின் மீது போர் தொடுத்தது. பள்ளிவாசலில் ஒவ்வொரு நாளும் குனூத் ஓதினோம். இமாமின் குரல் உடைவதைக் கேட்டோம். ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. அதை அடுத்த சில நாள்களில் அந்நகரின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. உஸ்மானியர் காலத்துப் பதிவேடுகளும் அந்த அழிவுக்குத் தப்பவில்லை. 1258இல் ஹுலாகுவின் படை பாக்தாதை அழித்ததை வகுப்பில் பாடமாக நடத்தி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. செய்தியைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் அறையின் பலகைத் தட்டில் அமெரிக்க நூல்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அவை எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் படித்த மூன்றாண்டுகளும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவைத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் தொழுவது என் வழக்கம். தொழுகை முடிந்ததும் கால்கள் தாமாகவே பைகிராப்ட்ஸ் சாலைக்கு நடக்கும். பாரதி சாலை என்று பெயர் மாறியிருந்தும் பழைய புத்தகம் தேடுவோர் பழைய பெயரையே சொல்வார்கள். அங்கு நடைபாதையில் மருத்துவ நூல்களும் வினா-விடைக் கையேடுகளும் குவிந்து கிடக்கும். அவற்றை விலக்கினால் அடியில் தாள் பழுத்த இலக்கிய நூல்கள் தென்படும். மூர் மார்க்கெட்டை நான் கண்டதில்லை. 1985இல் அது எரிந்தபோது எனக்கு ஆறு வயது. ‘அந்தக் காலத்தில் அங்கே கிடைக்காத புத்தகமே இல்லை’ என்று வாப்பா பெருமூச்செறிவார்கள். எனக்கு வாய்த்தது நடைபாதைதான். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் போக மிஞ்சும் பத்தும் பதினைந்தும் அங்கேயே போய்விடும்.

அமெரிக்க நூல்கள் அங்கு அத்தனை மலிவாகக் கிடந்ததற்கு ஒரு கதை உண்டு. 1954இல் இயற்றப்பட்ட பி.எல்.480 என்னும் சட்டத்தின்படி அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. நம் நாடு அதற்கு ரூபாயிலேயே விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதி அமெரிக்க நூல்களை இங்கே மலிவாக அச்சிடச் செலவாயிற்று. பனிப்போர்க் காலம் அல்லவா? நம் இளைஞர் மாஸ்கோ நூல்களை மட்டுமே படித்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. ஆக, நம் பாட்டன்மார் ரேஷனில் வாங்கிய கோதுமையின் பணம், சுற்றிச் சுற்றி, எங்கள் கைக்குப் புத்தகமாக வந்து சேர்ந்தது. விளம்பர நோக்கம் இருந்தது உண்மை. ஆனால் தன் இலக்கியத்தைத் தரப் புகுந்த நாடு, தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய எழுத்தாளர்களையும் சேர்த்தே தர வேண்டியிருந்தது. இதை நான் உணர நெடுநாள் ஆயிற்று.

சாக்கில் கட்டியவை இவை: ஹென்றி டேவிட் தோரோவின் ‘வால்டன்’, அதனோடு ஒரே கட்டில் ‘ஒத்துழையாமை’ பற்றிய அவரது கட்டுரை, ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு, மெல்விலின் ‘மோபி டிக்’, தாமஸ் பெய்ன் 1776இல் எழுதிய ‘பொது அறிவு’ என்ற சிறுநூல், முதல் நாற்பது பக்கங்கள் இல்லாத ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள், இன்னும் சில. மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன், அது நம்மவருடையது என்று. அதுவும் அமெரிக்க நூல்தான் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை! சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதித் தம் அறிவை வளர்த்துக்கொண்ட அந்த மனிதர் 1964இல் ஹஜ் செய்து திரும்பினார். 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பிறந்து, அடிபட்டு, படித்து, மாண்டது எல்லாம் அந்த மண்ணில்தான்.

பேப்பர் கடைக்காரர் தொழிலில் கறாரானவர். கெட்டி அட்டை எடையில் சேராது என்று ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிந்தார். தோரோவின் அட்டை என் காலடியில் விழுந்தது. ஏனோ அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் உம்மா அதைப் பார்த்ததும், ‘நல்ல கனமா இருக்கே’ என்று சொல்லி, ஆடிக்கொண்டிருந்த தையல் மிஷினின் காலுக்கு அடியில் செருகிவிட்டார்கள். தையல் மிஷின் ஆடவில்லை. நானும் அதை மறந்துபோனேன்.

பதினாறு ஆண்டுகள் சென்றன. திருமணம், மகள், வாப்பாவின் வஃபாத், ஊரைச் சுனாமி தாக்கிய அந்தக் காலைப்பொழுது, எல்லாம் கடந்தன. 2019இல் ஒரு நாள், பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். மக்காவின் சுடுமணலும் நெஞ்சில் ஏற்றிய பாறையும் சொல்லி முடித்தபோது, பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் எழுந்தான். “உஸ்தாத், அமெரிக்காவுக்குக் கப்பலில் ஏற்றிப் போன அடிமைகளில் முஸ்லிம்கள் இருந்தார்களா? குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள் யாராவது?”

இருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். எவர் பெயரையும் சொல்ல என்னால் இயலவில்லை. அடிமையாயிருந்த ஒருவர் தாமே எழுதிய நூல் ஒன்று என் கையில் இருந்ததும், அதை நான் எடைக்குப் போட்டதும் அந்த நொடியில் நெஞ்சில் தைத்தன. வகுப்பை முடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் சென்னை செல்ல நேர்ந்தபோது பைகிராப்ட்ஸ் சாலைக்குப் போனேன். கடைகள் குறைந்திருந்தன. இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பின், பொறியியல் நூல்களுக்கு நடுவே, டக்ளஸ் கிடைத்தார். வேறு பதிப்பு, முதுகில் பசை காய்ந்து தாள்கள் உதிரும் நிலை. நாற்பது ரூபாய். இம்முறை பேரம் பேச நாவு எழவில்லை.

வாசகர்களே, அந்நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1845இல் வெளிவந்தது. எழுதியவருக்குத் தம் பிறந்தநாள் தெரியாது. மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவருக்கு யார் அதைக் குறித்து வைப்பார்? சிறுவனாக பால்டிமோர் நகரில் ஒரு வீட்டில் இருந்தபோது, அவ்வீட்டு எஜமானி இரக்கம் கொண்டு அவருக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினாள். கணவன் கண்டு தடுத்தான். படித்தவன் அடிமையாக இருக்க உதவமாட்டான் என்பது அவன் வாதம். அந்தச் சொற்களே அச்சிறுவனுக்கு வழிகாட்டின. எதைக் கொடுக்க அவர்கள் அஞ்சுகிறார்களோ அதில்தான் விடுதலையின் வழி இருக்கிறது என்று அவர் தெளிந்தார். வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. தெருவிலோ பசித்த ஏழை வெள்ளைச் சிறுவர்கள் இருந்தார்கள். ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் பாடம் வாங்கினார். பன்னிரண்டு வயதளவில் 50 சென்ட் சேர்த்து ‘கொலம்பியன் ஓரேட்டர்’ என்ற சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினார். அதில் ஓர் அடிமை தன் எஜமானனோடு வாதாடி வெல்லும் உரையாடல் ஒன்று உண்டு. அதை அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

1838இல் தப்பினார். நூல் வெளிவந்ததும், அவரது இருப்பிடம் தெரிந்துவிடும், எஜமானன் பிடித்துப்போவான் என்ற அச்சம் எழுந்தது. கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். அங்குள்ள நண்பர்கள் பணம் திரட்டி 1846இல் அவரது விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். 711 டாலர் 66 சென்ட். ஒரு மனிதனுக்குச் சென்ட் கணக்குப் பார்த்து விலையெழுதிய அந்தத் தொகையைப் படித்தபோது, பேப்பர் கடைக்காரரின் தராசு என் கண்முன் வந்து நின்றது.

அந்த மாணவனின் கேள்விக்கு டக்ளஸ் விடையல்லர். அவர் முஸ்லிம் அல்லர். விடை வேறிடத்தில் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூதா தோரோ நாட்டில், இன்றைய செனகலில், 1770 வாக்கில் பிறந்தவர் உமர் இப்னு ஸயீத். இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807இல் பிடிபட்டு, கப்பலில் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகருக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டார். கொடிய எஜமானனிடமிருந்து தப்பியோடி, வட கரோலைனாவில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தபோது, அதன் சுவரில் அரபியில் எழுதினார். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஓவன் குடும்பத்தார் அவரை வாங்கினார்கள். 1831இல் தம் வாழ்வை அரபியில் 15 பக்கங்களில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாய் இருந்த ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறு என்று இன்று கிடைப்பது அது ஒன்றே என்கிறார்கள் ஆய்வாளர்கள். பல கைகள் மாறி, பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது. 2019 ஜனவரியில் அதன் படங்களை அந்நூலகம் எல்லோரும் காணுமாறு இணையத்தில் வெளியிட்டது. நம் மாணவன் கேட்டதும் அதே ஆண்டில்தான்!

அப்பக்கங்களைத் தாளில் எடுத்து, எங்கள் மத்ரஸாவில் அரபி நடத்தும் ஹஸ்ரத்திடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் மஃக்ரிபி எழுத்து. ‘ஃபா’வுக்குப் புள்ளி கீழே, ‘காஃப்’க்கு மேலே ஒற்றைப் புள்ளி. நமக்குப் பழக்கமில்லாதது. இரண்டாம் வரியை எட்டியபோது ஹஸ்ரத்தின் முகம் மாறியது. “இது அல்முல்க் அல்லவா!” என்றார்கள். ஆம், தம் கதையைச் சொல்லுமுன் அவர் முழுமனப்பாடமாக எழுதியிருப்பது அந்த அத்தியாயத்தைத்தான். அருகிலிருந்த ஹிஃப்ழு மாணவர்கள் ஓதத் தொடங்கிவிட்டார்கள். ஹஸ்ரத் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வர, பிள்ளைகளின் ஓதுதலும் அந்தக் கையெழுத்தும் இணைந்து சென்றன. கேள்வி கேட்ட மாணவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

அல்முல்க் என்றால் ஆட்சி, உடைமை. தாம் ஒருவனுக்கு உடைமை என்று சட்டம் எழுதிவைத்த நாட்டில், ஆட்சி எவன் கையில் இருக்கிறது என்று பேசும் அத்தியாயத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் அவர் தம் பெயரைச் சொல்கிறார். எஜமானன் வீட்டார் அதைப் படித்திருக்க முடியாது. 1820இல் அவர் கிறிஸ்தவத் திருமுழுக்குப் பெற்றதாகவும் பதிவு இருக்கிறது. அது மனமொப்பியதா, நிர்ப்பந்தமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பிள்ளைகளிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன். உள்ளத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான். அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் வந்த 1865ஐக் காணாமலே அவர் மறைந்தார்.

அவர் எழுத்தைக் காத்து வைத்திருக்கும் நூலகத்தின் வரலாறும் நம் கதையோடு தொடர்புடையது. 1814 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை வாஷிங்டனுக்குள் புகுந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தபோது அதிலிருந்த நூலகமும் எரிந்தது. அடுத்த ஆண்டு, முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனிடமிருந்த 6,487 நூல்களை 23,950 டாலருக்கு விலைக்கு வாங்கித்தான் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். எல்லாம் ஒருவர் படித்த பழைய புத்தகங்கள்! அவற்றுள், சட்டம் படித்த இளமையில் 1765இல் ஜெஃபர்சன் வாங்கிய குர்ஆன் மொழிபெயர்ப்பும் ஒன்று. 1851இல் மற்றொரு தீயில் அவர் நூல்களில் பெரும்பகுதி அழிந்தும் அது தப்பியது. 2007இல் கீத் எல்லிசன் அமெரிக்கக் காங்கிரஸின் முதல் முஸ்லிம் உறுப்பினரானபோது அதன்மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார். மனிதர் எல்லோரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்நியப் படையின் தீயில் தன் நூலகத்தை இழந்த நாடு அது. அதே நாட்டின் படை காவல் நின்ற நகரில்தான் 2003இல் பாக்தாதின் நூலகம் எரிந்தது. இதை நினைக்கும்போது என் பழைய கோபம் இன்றும் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் நான் கருதவில்லை.

ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினேன் பாருங்கள்! தோரோவைத் திரும்ப வாங்கிப் படித்தபோதுதான் என் மடமை முழுவதும் விளங்கிற்று. அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி தர முடியாது என்று பல ஆண்டுகள் தலைவரி கட்டாதிருந்தவர் அவர். 1846 ஜூலையில் கான்கார்டு ஊர்ச் சிறையில் ஓர் இரவு இருந்தார். எவரோ பணத்தைக் கட்டிவிட்டதால் மறுநாள் வெளியே வர நேர்ந்தது, அதற்கும் வருத்தப்பட்டார். அவ்வாண்டுதான் அமெரிக்கா மெக்சிகோ மீது போர் தொடங்கியது. 1849இல் அச்சான அக்கட்டுரையில் அந்தப் போரை அநியாயம் என்று எழுதினார். சொந்த நாடு அயல்நாட்டின் மீது படையெடுத்ததைக் கண்டித்த நூலை, அதே நாடு இன்னொரு நாட்டின் மீது படையெடுத்த வருடத்தில், எதிர்ப்பு என்ற பெயரால் நான் எடைக்குப் போட்டிருக்கிறேன்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அக்கட்டுரையைப் படித்து, 1907இல் தமது ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் அதன் சுருக்கத்தை வெளியிட்டார். போராட்டம் அதற்கும் முந்தியது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர் கூட்டத்தில், கைரேகைச் சட்டத்துக்குப் பணியமாட்டோம் என்று இறைவன் மீது ஆணையிட்டு முழங்கியவர் ஷேத் ஹாஜி ஹபீப் என்ற முஸ்லிம் வணிகர். ஆணையின் கனத்தை அவர் சொல்லித்தான் தாம் உணர்ந்ததாகக் காந்தியடிகளே எழுதிவைத்திருக்கிறார். நம் பிள்ளைகளின் பாடநூலில் இப்பெயர் இடம்பெறாதது என் நெடுநாள் குறை; இங்கே இறக்கி வைத்துவிட்டேன்.

தோரோவைப் பற்றி இன்னொன்று. அவரது முதல் நூலை ஆயிரம் படி அச்சிட்டார்கள். விற்கவில்லை. 1853இல் பதிப்பாளர் மிச்சமிருந்த 706 படிகளையும் அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர் அவற்றை எடைக்குப் போடவில்லை! தம் முதுகிலேயே சுமந்து மாடிக்கு ஏற்றினார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் நூல்கள் கொண்ட நூலகம் தமக்கு உண்டென்றும், அவற்றுள் எழுநூறுக்கு மேல் தாமே எழுதியவை என்றும் குறிப்பேட்டில் கேலியாக எழுதிவைத்தார்.

2021இல் உம்மா வஃபாத்தானார்கள். நாற்பது நாள்கள் கழித்து, வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, என் மனைவி தையல் மிஷினை நகர்த்தச் சொன்னாள். அடியில் அந்த அட்டை இருந்தது. இரும்புக் கால் அழுந்திய வட்டத் தடம் மேலே. திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில், எனக்கு முன் அந்நூலை வைத்திருந்தவரின் கையெழுத்து. பெயர் மைக்கறையில் கரைந்துவிட்டது. 1966 என்ற ஆண்டு மட்டும் தெரிகிறது. அதன் கீழே பென்சிலால் மூன்று பக்க எண்கள். நடுவிலுள்ள 112க்கு எதிரே, ‘அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்’ என்று தமிழில் எழுதியிருந்தது.

வாங்கிய நாள்களில் இதைப் பார்த்திருப்பேன், பொருட்படுத்தவில்லை. இன்று 112ஆம் பக்கம் எங்கே? எந்த மளிகைக் கடையில் எதை மடித்துக் கொடுத்தார்களோ. நான் திரும்ப வாங்கியது வேறு பதிப்பு. அதன் 112ஆம் பக்கத்தில், பயிரிட்ட அவரைக்கு ஆன செலவுக்கணக்கு இருக்கிறது. மகன் ஒருவன் தந்தைக்குப் படித்துக் காட்ட விரும்பியது அதுவாகவும் இருக்கலாம். அத்தந்தை விவசாயியாக இருந்திருந்தால்? அல்லது சிறையிருந்த இரவைப் பற்றிய பகுதியோ? அவருக்கு ஆங்கிலம் தெரியாமல், மகன் தமிழில் சொல்லிக்கொண்டே போயிருப்பாரோ?

என் மகள் இப்போது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அட்டையின் கதையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இது ஒரு வேலையாகிவிட்டது. இஷாவுக்குப் பின், அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே அமர்கிறாள். முதலிலிருந்து ஒவ்வொரு பகுதியாக வாய்விட்டுப் படிக்கிறாள். நிறுத்தி, “இதுவா இருக்குமோ, வாப்பா?” என்று கேட்கிறாள். இன்னும் நூற்றைம்பது பக்கங்கள் மிச்சமிருக்கின்றன.